எங்கே போவதை நிறுத்தினீர்கள்? பீதித் தாக்கமும் வெளியே போகும் அச்சமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவரே ஒரு முறை படித்துப் பார்த்தார். அடையாளம் தெரியாமலிருக்க ஊர், வேலை, குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நோய் போன போக்கையும் சிகிச்சையையும் மாற்றவில்லை. நான் மருத்துவ உளவியலாளர். மாத்திரை தொடர்பான முடிவுகளை எடுத்தவர் என்னோடு சேர்ந்து வேலை செய்யும் மனநல மருத்துவர்.

பின்னணி

அவருக்கு 34 வயது. காவிரி டெல்டாவில் ஒரு நடுத்தர ஊர். பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தார். கணவர் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். மாமியாரும் அதே வீட்டில்தான். கல்லூரிக் காலத்திலிருந்து தனியாகவே பேருந்தில் போய் வந்தவர். திருமணத்துக்குப் பிறகும் தீபாவளித் துணி எடுக்க, வங்கிக்குப் போக, பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று வெளிவேலை பாதியை அவர்தான் பார்த்துவந்தார்.

முதல் தாக்கத்துக்கு எட்டு மாதம் முன்பு அவருடைய அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். அன்று இரவு அப்பாவுக்கு நெஞ்சில் லேசான வலி. வாயுப் பிடிப்பு என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். விடிவதற்குள் உயிர் போய்விட்டது. கஷாயம் வைத்தவர் இவர்தான். இந்த விவரத்தை அவர் மூன்று ஆண்டுகளாக எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பின்னால் நடந்ததில் பாதிக்கு விளக்கம் இதில்தான் இருந்தது.

முதல் தாக்கம்

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். பள்ளி முடிந்து வீட்டுக்கு வரும் பேருந்தில் நின்றுகொண்டு வந்தார். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. ஊருக்கு முன்னால் உள்ள ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். காற்று இல்லை, நெரிசல், முன்னாலும் பின்னாலும் வண்டிகள். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு போதவில்லை. விரல் நுனிகளும் உதடும் மரத்துப்போயின. சுற்றி நிற்பவர்கள் எல்லாம் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தார்கள். “அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துடுச்சு” என்று நினைத்தாராம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினார். டீக்கடையில் இருந்த அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 118, ஆனால் தாளம் சீராக இருந்தது. ஓர் ஊசி போட்டு, அமிலத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். “ஒண்ணுமில்லம்மா, கேஸ்தான்” என்று சொன்னார்களாம். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேஸ் என்று நினைத்துக் கஷாயம் வைத்த இரவில் அப்பாவைப் பறிகொடுத்தவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

அவருக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது பீதித் தாக்கம். படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, குமட்டல், தலைச்சுற்றல், மரத்துப்போதல், செத்துவிடுவோமோ என்ற பயம், புத்தி பேதலித்துவிடுமோ என்ற பயம் என்று 13 அறிகுறிகளை மருத்துவக் கையேடுகள் பட்டியலிடுகின்றன. நான்கோ அதற்கு மேலோ ஒன்றாகத் திடீரென்று வந்து, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டால் அது பீதித் தாக்கம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வாழ்க்கையில் ஒருமுறை இப்படி வந்துபோனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது மட்டும் நோய் ஆகாது. எதிர்பாராமல் மறுபடி மறுபடி வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலையே ஒரு மாதத்துக்கு மேல் ஆளை ஆட்டிவைத்தால், அல்லது அதற்குப் பயந்து நடமாட்டத்தை மாற்றிக்கொண்டால்தான் பீதி நோய்.

அடுத்த மூன்று ஆண்டுகள்

இரண்டாவது தாக்கம் பத்து நாளில் வந்தது, வீட்டில், தூக்கத்தில். மூன்றாவது ஜவுளிக்கடை மாடியில். ஒவ்வொரு முறையும் ஆட்டோ, அவசரப் பிரிவு, ஈசிஜி. அப்புறம் இதய மருத்துவர், எக்கோ, டிரெட்மில். வயிறு மருத்துவரிடம் எண்டோஸ்கோபி. தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 10.2, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. கணவர் எல்லாத் தாள்களையும் தேதிவாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் வைத்திருந்தார். முதல் நாள் என் மேஜையில் அதை வைத்தபோது நூல் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. அவ்வளவு பருமன்.

ஃபைலில் இல்லாத இன்னொரு கதை பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. முதலில் பேருந்தை விட்டார். கணவர் பைக்கில் பள்ளியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவந்தார். கடைக்கு நேரமாகிறது என்று அது சரிப்படவில்லை. ஓராண்டில் வேலையை விட்டார். ஜவுளிக்கடை, வங்கி, ரேஷன் கடை வரிசை எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. கோயிலில் வெளிப் பிரகாரத்தோடு சரி. சன்னதிக்கு முன்னால் கூட்டத்தில் நிற்க மாட்டார். கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்துவிட்டு, முதல் பந்திக்குக் காத்திராமல் கிளம்பிவிடுவார். கடைசியில், வீட்டில் தனியாக இருப்பதற்கே பயம். மாமியார் அடுத்த தெருவுக்குப் போனாலும் போனை கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

இதை வீட்டில் யாரும் நோயாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு வரவில்லை. வேலையை விட்டபோது, “பிள்ளைங்களைப் பாத்துக்க ஒரு ஆள் ஆச்சு” என்று மாமியார் நிம்மதிப்பட்டார். வெளியே சுற்றாமல் வீட்டோடு இருக்கிறாள் என்று உறவில் நல்ல பெயர்கூடக் கிடைத்தது. ஓர் ஆண் இப்படி வேலைக்குப் போகாமல் வாசலைத் தாண்டாமல் இருந்தால் ஆறே மாதத்தில் குடும்பம் கூடிப் பேசியிருக்கும். பெண்ணுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. எங்களிடம் வருகிற பல பெண்களின் கதையில் இதே தாமதத்தைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

வேறு வழிகளும் நடந்தன. தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், குலதெய்வக் கோயிலில் வேண்டிக்கொண்டார்கள். அந்தக் கயிற்றை நான் கழற்றச் சொல்லவில்லை. நம்பிக்கை அவருடையது; சிகிச்சைக்கு அது தடையாக இருக்கவும் இல்லை.

தடையாக இருந்தது வேறொன்று. ஒரு மருத்துவர் படபடப்புக்கு அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் எழுதிக்கொடுத்திருந்தார், பத்து நாளுக்கு. உடனே கேட்டது. பத்து நாள் ஓராண்டைத் தாண்டியது. பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்துவிடுவார்கள். காலையும் இரவும் ஒவ்வொன்று, பர்ஸில் எப்போதும் ஓர் அட்டை. போடாவிட்டாலும் அட்டை இருக்க வேண்டும். ஒருமுறை அதை மறந்துவிட்டுக் கிளம்பி, தெருமுனையிலேயே தாக்கம் வந்து திரும்பியிருக்கிறார்.

தம்பியின் கல்யாணம்

திருப்பூரில் தம்பிக்குக் கல்யாணம். மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட வேண்டும். இவர்தான் ஒரே அக்கா. காரில் கிளம்பினார்கள். திருச்சி தாண்டுவதற்குள் தாக்கம். வண்டியைத் திருப்பச் சொல்லி அழுது, வீட்டுக்கு வந்துவிட்டார். முடிச்சை ஒன்றுவிட்ட தங்கை போட்டார். அப்பா இல்லாத வீட்டில் அக்காவும் வரவில்லை என்று அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டார். கௌரவம் பார்க்கிறாள், தம்பி மனைவி வீட்டில் சீர் குறைவு என்று கோபம் என்றெல்லாம் உறவில் பேச்சு கிளம்பியது.

அடுத்த வாரம் காய்ச்சலுக்காகப் பார்த்த ஒரு பொது மருத்துவர், ஃபைலைப் புரட்டிவிட்டு, இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்: “இங்க வர்றதுக்கு உங்களால தனியா முடியுமாம்மா?” அவர் பதில் சொல்லாமல் அழுதிருக்கிறார். அன்றே எங்களுக்குச் சீட்டு எழுதினார். இந்த நிகழ்வில் நோயைக் கண்டறிந்தவர் அந்த மருத்துவர்தான். நாங்கள் செய்தது உறுதிப்படுத்தியது.

மதிப்பீடு: பார்த்தது என்ன

கணவரும் மாமியாரும் கூடவே வந்தார்கள். முதல் கால் மணி நேரம் அவர்களையும் வைத்துக்கொண்டு பேசினேன். பிறகு அவரை மட்டும். கதவைச் சாத்தலாமா என்றேன். கொஞ்சம் திறந்தே இருக்கட்டும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

நெஞ்சைப் பற்றி அவரிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். நான் ஊரைப் பற்றிக் கேட்டேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வீட்டை நடுவில் வைத்து, தெரு, கடைவீதி, கோயில், பஸ் ஸ்டாண்டு, பழைய பள்ளி எல்லாவற்றையும் வரையச் சொன்னேன். தனியாகப் போக முடிகிற இடங்களுக்குப் பச்சை, துணையோடு மட்டும் என்றால் நீலம், எப்படியும் முடியாது என்றால் சிவப்பு. பச்சையில் இருந்தது வீட்டுக்கு எதிரே உள்ள அடிபம்பும் இரண்டு வீடு தள்ளி ஒரு பெட்டிக்கடையும் மட்டும்தான். வரைந்து முடித்தபின் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இவ்வளவு சின்னதா ஆயிடுச்சா?” என்றார்.

அந்தப் படத்தில் ஒரு விஷயம் முக்கியம். கணவரோடு பைக்கில் ஏழெட்டு கிலோமீட்டர் போக முடிகிறது. பேருந்தில் ஒரு நிறுத்தம் முடியாது. ஏன் என்று கேட்டேன். பைக் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்றார். தூரமோ வாகனமோ அவரைப் பயமுறுத்தவில்லை. தாக்கம் வந்தால் உடனே வெளியேற முடியாதே, உதவிக்கு ஆள் இருக்காதே என்பதுதான் பயம். அகோராஃபோபியாவின் சாரம் இது. திறந்தவெளியைக் கண்டு பயப்படுவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுப் போக்குவரத்து, திறந்தவெளி, கடை, திரையரங்கு மாதிரி அடைபட்ட இடம், வரிசையோ கூட்டமோ, வீட்டுக்கு வெளியே தனியாக இருப்பது என்று ஐந்து வகைச் சூழல்களைச் சொல்கிறது 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு. இரண்டு வகைகளிலாவது, ஆறு மாதமோ அதற்கு மேலோ அச்சம் நீடிக்க வேண்டும். இவருக்கு திறந்தவெளி தவிர மற்ற நான்கும் இருந்தன.

1871-இல் பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற மருத்துவர், சதுக்கங்களைக் கடக்க முடியாமல் தவித்த மூன்று ஆண்களைப் பற்றி எழுதித்தான் இந்த நோய்க்குப் பெயர் வைத்தார். துணைக்கு ஒருவர் வந்தால் அச்சம் குறைகிறது என்பதை அவர் அப்போதே கவனித்திருக்கிறார். 150 ஆண்டுகளுக்குப் பிறகும், நோய்க்கான துப்பு அந்தத் துணையில்தான் கிடைக்கிறது.

வேறு எதுவும் இல்லை என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சில வகை இதயத் துடிப்புக் கோளாறுகள் சுவிட்ச் போட்டதுபோல் தொடங்கி, அதேபோல் சட்டென்று நிற்கும். துடிப்பு 150-ஐத் தாண்டும். இவருக்கு ஏறுவது வேகமாக இருந்தாலும் இறங்குவது மெதுவாகத்தான். தாக்கம் நடக்கும்போதே எடுத்த ஈசிஜி ஃபைலில் இருந்தது பெரிய உதவி. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற சமூகப் பதற்றம் அவருக்கு இல்லை. தெரிந்தவர்கள் சுற்றி இருந்தால்தான் தைரியம். லேசான மனச்சோர்வு இருந்தது, அது பின்னால் வந்து சேர்ந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார், சாவைக் கண்டுதான் பயமே என்றார். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் டிகிரி காபி குடிப்பது தெரியவந்தது. அதை ஒன்றாக்கச் சொன்னோம். பீதி நோயின் தீவிரத்தை அளக்கும் ஏழு கேள்வி அளவுகோலில், 28-க்கு 19 வந்தது.

மனநல மருத்துவரும் தனியே பார்த்தார். பீதி நோய், அதோடு அகோராஃபோபியா. இரண்டையும் தனித்தனியாகவே எழுதினோம். 1980-இல் வந்த டி.எஸ்.எம்.-3 பீதி நோயைத் தனி நோயாக அங்கீகரித்த பிறகு நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே பார்த்தார்கள். இப்போது இரண்டும் தனி. ஏனென்றால், தாக்கங்கள் நின்ற பிறகும் வெளியே போகாத பழக்கம் நிற்காமல் இருக்கலாம். அதற்குத் தனியாக வேலை செய்ய வேண்டும்.

நோயைச் சொன்ன விதம்

பெயரை எழுதிக்கொடுத்து அனுப்பினால் போதாது என்று முடிவெடுத்தோம். நெஞ்சில் கோளாறு என்று மூன்று ஆண்டு நம்பியவரிடம் மனசுதான் காரணம் என்று சொன்னால், நடிக்கிறாய் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். அவருக்கு வந்த ஒவ்வொரு அறிகுறியும் உண்மை. அது எப்படி வருகிறது என்பதைத்தான் காட்ட வேண்டும்.

ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், கர்ப்பம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நாற்காலியில் உட்காரவைத்து, என்னோடு சேர்ந்து வேகமாக, ஆழமாக மூச்சுவிடச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணை அகல விரித்து, “விரல் மரத்துப்போகுது மேடம்” என்றார். கொஞ்ச நேரத்தில் உதடு. தலை கிறுகிறுப்பு. “இதேதான். கேட்டுல பஸ் நின்னப்ப வந்தது இதேதான்.” நிறுத்தினோம். சில நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை.

பிறகு விளக்கினேன். பயத்தில் தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கொஞ்சம் ஏறுகிறது. விரலும் உதடும் மரக்கின்றன. மூளை ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை சுற்றுகிறது. மூச்சு போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் அதிகமாக மூச்சு வாங்குகிறோம், அறிகுறி இன்னும் ஏறுகிறது. இதயம் நிற்கப்போகிறது என்று அதற்கு ஒரு பொருள் கொடுத்தால் பயம் இரட்டிப்பாகிறது. 1986-இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் முன்வைத்த விளக்கம் இது: உடம்பில் தோன்றும் சாதாரண மாற்றத்தை ஆபத்து என்று தவறாகப் படிப்பதுதான் பீதியை ஓட்டிச் செல்கிறது. மயங்கி விழுந்துவிடுவேன் என்பது அவருடைய பெரிய பயம். மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பீதியில் பெரும்பாலும் ஏறுகிறது. இத்தனை தாக்கத்தில் ஒருமுறையாவது மயங்கி விழுந்தீர்களா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, இல்லை என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொன்னது அன்றைக்குத்தான்.

மாமியார் வெளியே என்னைத் தனியாக மடக்கி, “இது பைத்தியத்துல கொண்டுபோய் விட்டுடுமாம்மா?” என்று கேட்டார். விடாது, இது வேறு நோய், குணப்படுத்தக் கூடியது என்றேன். அவர் கேட்டது நல்லதுதான். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களில்தான் சிகிச்சை பாதியில் நிற்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாத்திரை: பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 10. முதல் இரண்டு வாரம் படபடப்பு கொஞ்சம் கூடலாம், பலன் தெரிய நான்கைந்து வாரம் ஆகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லிவைத்தார். சொல்லாவிட்டால் பீதி நோய் உள்ளவர்கள் நான்காம் நாளே இந்த மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இவருக்கும் ஐந்தாம் நாள் படபடப்பு ஏறியது. சொன்னதுதான் நடக்கிறது என்று தொடர்ந்தார்.

அல்பிரசோலத்தை உடனே நிறுத்தவில்லை. ஓராண்டுக்கு மேல் தினமும் எடுத்ததைத் திடீரென்று விட்டால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். புது மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, படிப்படியாகக் குறைத்தார் மருத்துவர். இன்னொரு காரணமும் உண்டு. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினால், தப்பித்தது மாத்திரையால்தான் என்று மனம் கணக்கு வைத்துக்கொள்ளும்.

மாத்திரையோடு, அச்சப்படும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி. முதலில் உடம்பு அறிகுறிகளுக்குப் பழகுவது: மாடிப்படி வேகமாக ஏறுவது, நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது. பிறகு வெளியே. பட்டியலை அவர்தான் போட்டார். பஸ் ஸ்டாண்டில் கிளம்பாமல் நிற்கும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்குவது முதல் படி. அடுத்து ஒரு நிறுத்தம், அப்புறம் மூன்று, அப்புறம் நின்றுகொண்டே போவது, கடைசியில் அந்த ரயில்வே கேட். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறார் என்பதை நோட்டில் எழுத வேண்டும். “மயங்கி விழுவேன், 90 சதவீதம்.” திரும்பியதும் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடக் கூடாது என்பது ஒன்றே விதி.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தச் சிகிச்சைக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று சொல்லியாக வேண்டும். ஒரே நிறுத்தத்துக்கு ஏறி இறங்கி, மறுபடி ஏறி என்று நாள் முழுக்கப் பயிற்சி செய்தாலும் காசு போகாது. வீட்டில் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

கடினமாக இருந்தது கணவரோடு பேசியதுதான். மூன்று ஆண்டு கடையை விட்டுவிட்டு ஓடி ஓடிக் கூட்டிப்போன மனிதர். “நான் கூட்டிட்டுப் போறதுல என்ன மேடம் தப்பு? பொண்டாட்டிக்கு முடியலன்னா புருஷன் செய்யக்கூடாதா?” என்று கேட்டார். கோபம் நியாயமானது. செய்தது அன்பினால்தான், அதில் சந்தேகமே இல்லை என்று முதலில் சொன்னேன். பிறகு, பிள்ளைக்கு சைக்கிள் பழக்கியது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடினால் விழாது, ஆனால் ஓட்டவும் வராது. எப்போது கையை விடுவது என்பதையும் பட்டியலில் சேர்த்தோம். முதலில் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் வருவார். அடுத்து, இறங்கும் இடத்தில் மட்டும் நிற்பார். அடுத்து, கடையிலேயே இருப்பார். மனைவி போன் செய்தால் ஒழிய இவராகச் செய்ய மாட்டார். மனைவிக்கு இருந்த அளவு பதற்றம் அவருக்கும் இருந்தது. பஸ் கிளம்பியதும் கல்லாவில் உட்கார முடியாமல் கடை வாசலிலேயே நடந்துகொண்டிருப்பாராம்.

சறுக்கல்

நான்காம் மாதம் வரை நன்றாகப் போனது. ஒரு நாள் அதே ரயில்வே கேட்டில் பலத்த தாக்கம் வந்து, இறங்கி ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். முதல் நாளுக்கே திரும்பிவிட்டோம் என்று பயிற்சியை நிறுத்தினார். கணவரும் பைக்கை எடுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நோட்டைப் பிரித்துவைத்துப் பேசியதில் காரணம் கிடைத்தது. அன்று தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவரை ஒவ்வொரு பயணத்திலும் பாட்டிலை மடியில் பிடித்துக்கொண்டு, படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். பர்ஸில் அல்பிரசோலத்தின் காலி அட்டைகூட இருந்தது. மாத்திரை இல்லை, அட்டை மட்டும். பஸ்ஸில் போய் வந்த பெருமையெல்லாம் இவற்றின் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது. இவற்றைப் பாதுகாப்புப் பழக்கங்கள் என்கிறோம். ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் உண்டு. பட்டியலை மறுபடி எழுதினோம்: அதே பயணங்கள், பாட்டில் இல்லாமல், நடு சீட்டில், அட்டை இல்லாமல். அட்டையை அவரே என் அறைக் குப்பைக்கூடையில் போட்டார். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாக்கம் வந்தால் அடுத்த நாளே அதே பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

விளைவு

ஓராண்டு முடிவில் தனியாகத் தஞ்சாவூர் போய் வருகிறார். அளவுகோலில் 19 இருந்தது 5 ஆனது. தாக்கம் முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. எப்போதாவது எட்டிப்பார்க்கிறது, வந்தால் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அது போகும்வரை இருக்கிறார். பழைய பள்ளியில் இடம் இல்லை; வேறொரு பள்ளியில் சேர்ந்திருக்கிறார். இரவு ரயில் பயணம் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. லிஃப்டில் தனியாக ஏறுவதில்லை. அம்மாவோடு பேச்சு திரும்பியது, முழுதாக இல்லை. கல்யாணத்துக்கு வராததன் காரணத்தை அவரே போய் விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டாரே தவிர, ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்பாவின் மரணத்தைப் பற்றித் தனியாகச் சில அமர்வுகள் பேசினோம். அது இன்னும் முடியவில்லை.

மாற வேண்டியவை

நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்று முதன்முறை வரும் எவரையும் இதயத்துக்குப் பரிசோதித்தே ஆக வேண்டும். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், நடந்தால் வலி கூடுபவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பதற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. மாற வேண்டியது பரிசோதனைக்குப் பிறகு சொல்லும் சொல். ஈசிஜி சரியாக இருக்கும்போது, ‘ஒன்றுமில்லை’ என்பதற்குப் பதில், ‘இதயம் நன்றாக இருக்கிறது, இது பீதித் தாக்கமாக இருக்கலாம், மறுபடி வந்தால் மனநலப் பிரிவில் பாருங்கள்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். மூன்றாவது முறையாக அதே நோயாளி அதே புகாரோடு வந்தால், புதிய பரிசோதனைக்கு முன்னால், எங்கெல்லாம் போவதை நிறுத்தினீர்கள், யார் துணையோடு வந்தீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்க ஒரு நிமிடம் ஆகும்.

அல்பிரசோலம் எழுதும்போதே, நிறுத்தும் தேதியையும் எழுத வேண்டும். அது எச்1 பட்டியலில் உள்ள மருந்து. கடைக்காரர் மருந்துச்சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் குறித்துக் கொடுக்க வேண்டியது. பழைய சீட்டுக்கு ஓராண்டு கொடுத்தது நடந்திருக்கவே கூடாது.

எங்கள் பக்கம் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறோம். பாதுகாப்புப் பழக்கங்களை இப்போது முதல் அமர்விலேயே பட்டியல் போடுகிறோம், பர்ஸிலும் பையிலும் என்ன இருக்கிறது என்பது வரை. கூட்டிவருபவரை இரண்டாம் அமர்விலேயே உட்காரவைத்துப் பேசுகிறோம். வீட்டை விட்டுக் கிளம்பவே முடியாதவர்களுக்கு முதல் பேச்சு போனிலேயே இருக்கலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை.

எஸ்சிடலோபிராம் இன்னும் தொடர்கிறது. நன்றாக ஆன பிறகும் ஓராண்டு எடுத்துவிட்டு மெதுவாகக் குறைப்பது மருத்துவரின் திட்டம். முழு ஆண்டுத் தேர்வு நேரத்தில் குறைக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், கோடை விடுமுறையில் தொடங்குகிறோம். குறைக்கும் காலத்தில் மாதம் ஒருமுறை வந்துபோவார். தனியாகத்தான்.